பிரெஞ்சில் நாலு வார்த்தை

கண்ணுசாமி மகளின் டிசியை வாங்க வந்திருந்தார்.

குஜிலியம்பாறையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறார்கள். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். மகள் தமிழ்மதி அவருக்குப் பின்னால் நின்றாள்.

"நல்ல எடம் டீச்சர். அடுத்த மாசமே கல்யாணத்த வச்சுக்குவோம்னு புள்ளையே சொல்லிருச்சு."

புள்ளையே சொல்லிருச்சு. எனக்குக் கோபம் வந்தது.

பி.காம். இரண்டாம் ஆண்டில் மொழிப்பாடமாகப் பிரெஞ்சு எடுத்தவர்கள் இருபத்திரண்டு பேர். அதில் கதையைக் கதையாகப் படித்தவள் இவள் ஒருத்திதான். துறைத்தலைவர் சார்லஸ் சாருக்கு நான் வகுப்பில் கதை நடத்துவதே பிடிக்காது. "ஓட்டல்ல காபி கேக்கத் தெரிஞ்சா போதும் தஹ்சீன், பரீட்சைக்கு அதுதான் வரும்" என்பார். அப்போதெல்லாம் தமிழ்மதியின் விடைத்தாளைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

"இன்னும் ஒரு வருசம்தானேம்மா. ஏன்?" என்று அவளிடமே கேட்டேன்.

அவள் தரையைப் பார்த்தாள்.

கண்ணுசாமிக்குச் சங்கடமாகிவிட்டது. சேர்க்கைக்கு வந்தபோது பார்த்த ஆளில் பாதிதான் இருந்தார். சட்டை தோளில் நிற்காமல் சரிந்தது. அதை இழுத்துவிட்டுக்கொண்டு மகளிடம் திரும்பினார்.

"இம்புட்டு நாளு படிச்சியே தாயி, அந்தப் பாசையில டீச்சருக்கு நாலு வார்த்த சொல்லிட்டு வா."

அவள் நிமிர்ந்தாள். மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

நன்றி சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். இல்லை. போன பருவத்தில் நான் நடத்திய கதையிலிருந்து நாலு வரி. டாக்டர் சொன்னதைக் கணவனிடம் மறைத்துவிட்ட ஒரு மனைவி, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசும் இடம்.

'என் கணவருக்கு இன்னும் மூன்று மாதம்தான். அவருக்கு அது தெரியாது. தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். இருக்கும்வரை சந்தோஷமாக இருக்கட்டும்.'

ஒரே ஒரு பிழை. 'கணவர்' என்று வரவேண்டிய இடத்தில் 'அப்பா' என்றாள்.

வகுப்புப் பழக்கம். சரியான சொல்லைச் சொல்லித் திருத்தினேன்.

அவள் தலையசைத்து மறுத்தாள். "இல்ல மேம். சரியாத்தான் சொன்னேன்."

கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி எடுத்தேன்.

கண்ணுசாமி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "தப்பாச் சொல்லிருச்சா டீச்சர்?"

"இல்லங்கய்யா. நாந்தான் தப்பாக் கேட்டுட்டேன்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று மகளிடமே கேட்டுக்கொண்டார்.

"இன்னொருக்கா சொல்லு தாயி, புடிச்சுக்கிறேன். கல்யாண வீட்டுல அம்புட்டுப் பேருக்கும் போட்டுக் காட்டணும்."

தமிழ்மதி என்னைப் பார்த்தாள்.

பிறகு அப்பா நீட்டிப் பிடித்த போனைப் பார்த்துச் சிரித்தபடி, ஒரு சொல்லையும் மாற்றாமல் மறுபடி சொன்னாள்.