சுவரில் மாறிய எழுத்து

தெய்வநாயகத்தின் கடைவாய்ப் பல்லைப் பல் டாக்டர் ஷெரின் பாதி குடைந்திருந்தபோது, டாக்டரின் முதுகுக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த பட்டச் சான்றிதழில் 'ஏ' மறைந்து 'சி' வந்தது.

நாற்காலியில் மல்லாந்திருந்த தெய்வநாயகம் அதை ஆவலோடு பார்த்தார். தேசியத் தர மதிப்பீட்டுக் குழுவில் ஏழு வருடமாகக் கல்லூரிகளுக்குத் தரம் போடுகிறவர் அவர். போட்ட எழுத்து, படித்து முடித்துப் போனவர்களின் சுவரில் போய் மாறுவதை இப்போதுதான் நேரில் காண்கிறார். இந்த டாக்டர் படித்த கல்லூரிக்கு இன்று காலைதான் 'சி' போட்டிருந்தார். நூலக அறிக்கையில் இரண்டு பக்கம் விட்டுப்போயிருந்தது.

அட, இவ்வளவு சீக்கிரமா என்று அவர் வியக்கும்போதே குடையும் கருவி தானாக நின்றது.

டாக்டர் திரும்பிப் பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார். "மன்னிச்சிருங்க சார். எங்க காலேஜ் தரம் இறங்கிடுச்சு. இனி நான் உங்க பல்லைத் தொடக்கூடாது."

"வேற டாக்டர்?" என்று குழறினார் தெய்வநாயகம்.

"இந்த ஊர்ல எல்லாருமே அங்க படிச்சவங்கதான். அப்பீல் போடுறோம் சார். எப்போ பாப்பாங்களோ தெரியல."

தெய்வநாயகத்துக்குத் தெரியும். அப்பீல்கள் அவர் மேசைக்குத்தான் வரும். வந்த வரிசைப்படிதான் எடுப்பார். முன்னால் நானூறு காத்திருக்கின்றன.

மரத்துப்போயிருந்த கன்னத்தில் மெல்ல உணர்வு திரும்பத் தொடங்கியது.