மேலடுக்கு

“எனக்கு மேலடுக்குதான் வேணும். அந்த ஆளுக்குக் கீழே நான் இருக்கவே மாட்டேன்!” சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு தேநீரை உறிஞ்சினார் பேராசிரியர் கலந்தரி.

“இங்க மூணு படி ஏறவே மூச்சு வாங்குது. அங்க மட்டும் மேலடுக்கா?” என்றாள் மனைவி மெஹ்ரி. “எது கிடைச்சாலும் சந்தோஷமா வாங்கிக்குங்க. மரியாதை பண்ணித்தானே குடுக்கிறாங்க.”

“நீ சொல்லுவே. அட்டையில அவன் பேருக்குக் கீழே கிடக்கிறவன் நான்தானே!”

இஸ்ஃபஹானில் பாரசீகமும் அரபும் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதைதான் அது. கலந்தரியும் ஷகீபாவும் பாதி ஆயுளைச் செலவழித்து ஓர் அரபு-பாரசீக அகராதியைத் தொகுத்தார்கள். பாதிச் சொற்கள் இவருடையவை, பாதி அவருடையவை.

யார் பெயரை முதலில் போடுவது என்று பதிப்பாளர் கேட்டபோது, “அவர் பேரையே போடுங்க” என்று கலந்தரி ஒப்புக்குச் சொன்னார். இரண்டு மூன்று முறை மறுத்துவிட்டு, “இல்லை, உங்க பேருதான்” என்று சொல்வதல்லவா ஊர் வழக்கம்? ஷகீபா மறுக்கவே இல்லை. “உங்க அன்பு பெரிசு” என்று வாங்கிக்கொண்டார்.

துறைத்தலைவர் நாற்காலியும் அப்படித்தான் போயிற்று. “நீங்க உட்காருங்க” என்றார் இவர். அவர் உட்கார்ந்தேவிட்டார். அன்றிலிருந்து வானொலியில் ஷகீபாவின் குரல் கேட்டால் போதும், கலந்தரி வீட்டு வானொலி அணைந்துவிடும்.

இப்போது நகரம் தன் அறிஞர்களுக்கு மரியாதையாக இடம் ஒதுக்கியிருந்தது. இடம் குறைவு என்பதால் அகராதிக்காரர்கள் இருவருக்கும் சேர்த்து ஒன்றுதான். ஒருவருக்குக் கீழடுக்கு, மற்றவருக்கு மேலடுக்கு.

மறுநாள் காலை இருவரும் நகராட்சி அலுவலக வாசலில் எதிர்ப்பட்டார்கள்.

“நீங்க முதல்ல, உஸ்தாத்” என்று பழக்க தோஷத்தில் நெஞ்சில் கை வைத்தார் கலந்தரி.

“உங்க அன்பு பெரிசு” என்று உள்ளே நுழைந்த ஷகீபா, இருந்ததில் நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார். கலந்தரிக்கு வயிறு எரிந்தது.

அதிகாரி ரஹ்னமா தேநீர் வரவழைத்து, மேஜையில் வரைபடத்தை விரித்தார். “அருமையான இடம். பைன் மர நிழல். அக்கம்பக்கம் எல்லாம் கவிஞர்கள், அறிஞர்கள். சத்தமே இருக்காது. வியாழக்கிழமை சாயங்காலம் மட்டும் கொஞ்சம் கூட்டம் வரும்.”

கலந்தரி வரைபடத்தைப் பார்க்கவில்லை. இந்த முறை உபசார வார்த்தை எதுவும் வாயிலிருந்து வரக்கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்திருந்தார்.

“மேலடுக்கு எனக்கு!” என்றார் பட்டென்று. இப்படி நேராக எதையும் கேட்டுப் பழக்கமில்லாததால் காது மடல்கள் சிவந்துபோயின.

ஷகீபா சிரித்தார். “அடடா, எனக்கும் அதுதானே வேணும்! என்னைப் பார்க்க மாணவர்கள் நிறைய வருவாங்க. கீழே இருக்கிறது உங்களுக்குப் பழக்கம்தானே, உஸ்தாத்?”

“அகராதியில பாதி என்னுது!”

“யாரு இல்லேன்னாங்க? கீழ்ப்பாதி.”

கலந்தரி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். ரஹ்னமா பதறிப்போய்க் குறுக்கே வந்தார்.

“ஐயா, சண்டை எதுக்கு? மேல், கீழ்னு நாங்க எழுதித் தர்றதே இல்லை. முதல்ல வர்றவருக்குக் கீழடுக்கு. அதைப் பலகைக்கல் போட்டு மூடிட்டு, அப்புறம் வர்றவரை மேலே வைப்போம். கல்லறைக் குழியை அடியிலேருந்துதானே நிரப்ப முடியும்?”

ஷகீபா தன் நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்தார். யாரும் தொடாத தேநீரை அப்படியே விட்டுவிட்டு இருவரும் வாசலுக்கு வந்தார்கள்.

எந்த வாசலிலும் தயங்கியறியாத ஷகீபா அங்கே நின்றுவிட்டார். ஒதுங்கி வழிவிட்டு, நெஞ்சில் கை வைத்துத் தலை தாழ்த்தினார்.

“இன்னிக்கு நீங்க முதல்ல, உஸ்தாத்.”

அந்த வார்த்தைக்காகத்தான் கலந்தரி வாழ்நாளெல்லாம் காத்திருந்தார். இப்போது அதைக் கேட்டதும் இரண்டடி பின்வாங்கினார்.

“ஐயையோ, வேண்டாம்! என்னிக்கும் போல நீங்களே முதல்ல போங்க!”