முந்தின தேதி

தனக்குத் தானே அனுப்பிக்கொண்ட பதிவுத் தபால் கைக்கு வந்த திங்கட்கிழமை காலையில், சுப்புராயனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவர் என் கணவர். ஏழு வருடமாக உதவி இயக்குநர். மறுநாள் பத்து மணிக்குக் கோடம்பாக்கத்தில் ஒரு தயாரிப்பாளருக்குக் கதை சொல்லப் போகிறார்.

"இன்னா சார், உங்களுக்கு நீங்களே போட்டுக்கினீங்களா?" என்று சிரித்தார் தபால்காரர் அன்வர் பாஷா.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார் என் வீட்டுக்காரர். கதையைச் சொல்லிவிட்டு வெளியே வந்தால் அது வேறொருவன் பெயரில் படமாகிவிடுமாம். அதனால் கதையை எழுதி, உறையில் போட்டு ஒட்டி, தன் பெயருக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, பிரிக்காமல் வைத்துக்கொள்ள வேண்டுமாம். யார் பெயருக்கு வந்ததோ அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். முத்திரையில் முந்தின தேதி யாருக்கோ, கதை அவருக்கு.

எனக்கு இதை நூறு தடவை சொல்லியிருக்கிறார். பாடம் நடத்துவதில் மனுஷனுக்கு அப்படி ஓர் ஆசை.

நான் வாசலில் நின்று நகக்கண்ணில் இருந்த நீலத்தைப் புடவையில் தேய்த்துக்கொண்டிருந்தேன். சனியன் பிடித்த கார்பன் தாள் மை, நாலு நாளாகியும் போகவில்லை.

உறைக்குள் அறுபது பக்கம். ஆற்றோரக் குடிசையைப் பறிகொடுத்து, லாரியில் ஏற்றப்பட்டு, ஊருக்கு வெளியே இறக்கிவிடப்பட்ட ஒரு சிறுமியின் கதை.

அவர் கையெழுத்துப் போட்டு வாங்கி, உறையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இன்னொண்ணு கீது சார். அன்புச்செல்வின்னு."

"எம் பொண்டாட்டிதான். குடு, நான் போடுறேன்."

அன்வர் பாஷா கையை இழுத்துக்கொண்டார். "இப்பதானே சார் சொன்னீங்க? பேரு யாருதோ, கையெழுத்து அவங்கதுன்னு."

நான் போய்க் கையெழுத்துப் போட்டேன்.

என் வீட்டுக்காரர் என் உறையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அனுப்பியவரும் அன்புச்செல்விதான். கனமும் அதே கனம். இரண்டையும் பக்கத்தில் வைத்து முத்திரைகளைப் பார்த்தார். அவருடையது சனிக்கிழமை. என்னுடையது வெள்ளி.

"நீ சும்மா எழுதித்தானே குடுத்தே..." என்று இழுத்தார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு நானும் வர்றேன்" என்றேன்.

அந்த லாரியில் ஏறியபோது எனக்கு வயது பதினொன்று.