பெயர் தெரியாத மாத்திரை

அடிவயிற்றை அழுத்திக்கொண்டு இயந்திரத்தின் ஓரமாக நின்றாள் அவள்.

நூற்பாலை இரைந்துகொண்டிருந்தது. புருவத்தில் பஞ்சுத் தூசி.

மேற்பார்வையாளர் ஜெயக்கொடி வந்தார். எதுவும் கேட்கவில்லை. மாதாமாதம் ஏதாவது ஒரு பெண் இப்படி நிற்பதுதான். டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையை நீட்டினார்.

வெள்ளை. அட்டை இல்லை, உறை இல்லை.

வழக்கமாக வாங்கியதும் விழுங்கிவிடுவாள். வலி அடங்கும். வேலை நடக்கும்.

இன்று உள்ளங்கையிலேயே வைத்திருந்தாள்.

"இது என்ன மாத்திரைக்கா?"

"வலி மாத்திரை."

"பேரு என்ன?"

பெயர் தெரியாத எதையும் விழுங்காதீர்கள் என்று, போன வாரம் ஆலை விடுதிக்கு வந்த சுகாதார நிலைய நர்ஸ் சொல்லியிருந்தார். அதையும் ஜெயக்கொடியிடம் சொன்னாள்.

"பேரத் தெரிஞ்சு நீ என்ன பண்ணப்போற?" ஜெயக்கொடியின் குரல் உயர்ந்தது. "முடிஞ்சா வேலையப் பாரு. இல்ல, கெளம்பு."

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. கைகள் மட்டும் சற்றே தயங்கின.

மாத்திரையைத் திருப்பிக் கொடுத்தாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு, அறுந்த இழைகளைத் தேடித் தேடி ஒட்டினாள்.

ஷிப்டு முடிந்து முகம் கழுவப் போனபோது, குழாயடியில் ஜெயக்கொடி தனியாக நின்றிருந்தார்.

வேலை போய்விட்டது என்றே நினைத்தாள்.

"அந்த நர்ஸு வேற என்ன புள்ள சொன்னாங்க?"

அவள் குழாயைத் திறந்தாள்.

"வேலைக்குச் சேந்த நாள்லருந்து நானும் அதத்தான் முழுங்குறேன்." குரல் தணிந்திருந்தது. "கல்யாணமாயி ஆறு வருசமாச்சு. ஒண்ணும் தங்கல. இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குமா?"

"எனக்குத் தெரியலக்கா."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. இருவருக்கும் குழாயை மூடத் தோன்றவில்லை.

"கேட்டாச் சொல்லுவாங்கக்கா. திட்ட மாட்டாங்க."

புதன்கிழமை இருவரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார்கள்.

நர்ஸ் நாற்காலியைக் காட்டினார். ஜெயக்கொடி உட்கார்ந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, மாத்திரையை மேசைமேல் வைத்தார்.

"சொல்லுங்கம்மா."

ஜெயக்கொடி வாயைத் திறந்தார். அவளை ஒருமுறை பார்த்தார். மூடிக்கொண்டார்.

ஆலையில் நாற்பது பெண்களை அதட்டும் வாய்.

அவள் எழுந்து வெளியே வந்தாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

சற்றுப் பொறுத்து, உள்ளே ஜெயக்கொடியின் குரல் மெல்ல ஆரம்பித்தது.

அவள் இன்னும் நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.