உக்காத சேறு

ஊர்ச் சங்கம் பராமரிக்கும், பறவை பார்க்க ஆட்கள் வரும் அந்தச் சதுப்பு நிலத்துக்கு, வெள்ளவத்தையிலிருந்து ஜெயரூபன் வருவது இது மூன்றாவது சனிக்கிழமை. ஒரு பறவையைக்கூட அவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை என்பது வழிகாட்டி ஸமீமாவை உறுத்தியது.

"இந்தச் சேறு எவ்வளவு ஆழம், தங்கச்சி?"

"சில இடத்துல இருபது அடி. பலகைப் பாதைய விட்டு இறங்காதீங்க."

"உள்ள விழுந்தது உக்கிப் போகுமோ?"

"லேசில உக்காது. செத்த செடிகொடி அழுந்திக் கிடக்குற சேறு, உள்ள காத்துப் போகாது. தோல், முடி எல்லாம் கனகாலம் அப்படியே இருக்கும்."

சொன்ன பிறகுதான் அவளுக்குத் திக்கென்றது. யாரையோ மறைக்க இடம் தேடுகிறாரோ? பொலிஸுக்குச் சொல்லலாமென்று மெல்லப் போனை எடுத்தாள்.

"பதினெட்டு வருசமெண்டால்?"

அவள் விரல் நின்றது. "ஏன் கேக்குறீங்க?"

ஜெயரூபன் சட்டைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினார். இருபது வயதுப் பையன் ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"என்ர தம்பி. வீட்டு வாசலில வச்சு வெள்ளை வான் வண்டியில ஏத்திக்கொண்டு போனவங்கள். இங்கதான் கொண்டுவந்து போட்டதெண்டு போன மாசம் ஒராள் சொன்னவர். அப்ப, எடுத்தால் முகம் தெரியும், என்ன?"

ஸமீமா போனைப் பைக்குள் வைத்தாள்.

"எந்தப் பக்கம் எண்டு சொன்னாங்க, அண்ணா?"