உள்வாய்க் காடு

“இந்தச் சனியனை இன்னிக்கே வெட்டித் தள்ளுங்கய்யா!” கண்மாய்க் கரையில் நின்று சின்னக்கருப்பு கத்தினான். “காடாம், காடு! ஆடு மேய ஒரு முழ எடம் இல்லாம அடைச்சு வச்சிருக்கா இந்தப் பொம்பளை.”

கீழே முழங்கால் தண்ணீரில் நின்ற காவல்காரி வீரலட்சுமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “நீங்க வாங்கய்யா. அவன் கத்திக்கிட்டேதான் கெடப்பான்” என்று புது ரேஞ்சர் சொக்கலிங்கத்தைக் கருவேல மரங்களுக்குள் அழைத்துப் போனாள்.

சின்னக்கருப்பும் அவளும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள். அறுபத்து நாலில் கரிமூட்டக்காரர்கள் கண்மாயின் உள்வாயில், தண்ணீர் தேங்கும் பரப்பில், நின்ற பழைய காட்டை மொட்டையடித்துவிட்டுப் போனார்கள். மறு வருடம் வனத்துறையினர் அங்கே கருவேலமும் மருதமும் நட்டு, வீரலட்சுமியைக் காவலுக்கு வைத்தார்கள். மரக்கன்றுகளைக் கடித்துவிட்டன என்று அவள் முதலில் ஓட்டிக்கொண்டு போய்ப் பவுண்டுப் பட்டியில் அடைத்தது, தம்பியின் ஆடுகளைத்தான்.

அன்றோடு பேச்சு நின்றது. இருந்த ஆடுகளை விற்றுவிட்டுச் செங்கல் சூளைக்குக் கூலியாகப் போனான் சின்னக்கருப்பு. அக்கா மகளின் சடங்குக்குத் தாய்மாமன் சீர் வரவில்லை; சபை நடுவே வீரலட்சுமி தலைகுனிந்து நின்றாள்.

வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் கரையில் நின்று காட்டைத் திட்டாமல் அவன் நகர்ந்ததில்லை. ஆனால் கரையைவிட்டு ஓர் அடி கீழே இறங்கியதும் இல்லை.

“அங்குட்டுப் பாருங்கய்யா, அம்புட்டும் நாரைக் கூடு. நத்தைகொத்தி இந்த வருசந்தான் மொதல்ல வந்து குஞ்சு பொரிச்சிருக்கு. முந்தியெல்லாம் மாசியிலயே கண்மா காஞ்சு வெடிச்சுக் கெடக்கும். இப்பச் சித்திரை வரைக்கும் தண்ணி நிக்குது, விராலு துள்ளுது.” மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனாள்.

பழைய ரேஞ்சர் வருடா வருடம் வந்து, காடு எந்த அளவுக்குத் தேறியிருக்கிறது என்று இதையெல்லாம் கேட்டுக்கொள்வார். புதியவர் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. அளவு நாடாவை எடுத்து, பருத்த அடிமரங்களாகப் பார்த்துச் சுற்றி அளந்தார்.

“எப்படி இருக்குங்கய்யா நம்ம காடு?”

“பிரமாதம்மா. நெனச்சதைவிட நல்லாவே தேறியிருச்சு.”

வீரலட்சுமியின் முகம் மலர்ந்தது. “கேட்டுக்கிட்டியாடா?” என்று கரையைப் பார்த்துக் கத்தினாள்.

ரேஞ்சர் நாடாவைச் சுருட்டினார். “வர்ற மாசம் ஏலம் விட்டுடலாம். கரிக்கு இப்ப நல்ல கிராக்கி. மரமும் பதமா முத்தியிருக்கு.”

அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. “வெட்டவா? குஞ்சு இன்னும் றெக்கை விரிக்கலையேய்யா! கூடப்பொறந்தவனைப் பகைச்சுக்கிட்டுக் காத்தேனே, அது எதுக்கு? வெட்டுறதுக்கா என்னைய காவலுக்கு வச்சீக?”

“வெட்டுற வரைக்கும் காவல் வேணும்ல? விறகுக்குன்னுதானம்மா நட்டதே.”

சொல்லிவிட்டு அவர் ஜீப்பை நோக்கி நடந்தார். ஊரையே அதட்டி விரட்டிய வீரலட்சுமி பக்கத்து மருதமரத்தைப் பற்றிக்கொண்டு நின்றாள்.

கரை ஏறிய ரேஞ்சரின் எதிரே சின்னக்கருப்பு நின்றான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.

“என்னப்பா, நீ கேட்ட மாதிரியே ஆச்சு” என்று அவன் தோளில் தட்டினார் ரேஞ்சர். “ஏலம் முடிஞ்சதும் சொல்லி விடுறேன். கோடாலியோட வந்துரு. மொத ஆள் நீதான்.”

சின்னக்கருப்பு அந்தக் கையைத் தட்டிவிட்டான். வழியை விடவில்லை.

“எங்கக்காவை மீறி நானே ஒரு குச்சி ஒடிச்சதில்ல, நீ வெட்டிருவியா?”