நகத்தில் மாட்டாத ஒட்டு

"எங்கே, ஒட்டு எந்த இடத்துல இருக்குன்னு காட்டுங்க பார்ப்போம்!"

கிட்டார் வாங்க வந்தவர் அதன் விளிம்பைத் தடவினார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஊஹூம்.

"நகத்தால தேடுங்க சார். ரெண்டு துண்டு மரம் சேர்ந்த இடம். மாட்டவே மாட்டாது! இப்படி ஒட்ட இந்த ஊர்ல வேற கை கிடையாது!"

சொல்லிவிட்டு அத்தான் பட்டறையே அதிரச் சிரித்தார். ஓரமாக உட்கார்ந்து பசைக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

பக்கத்தில் நின்ற தங்கை சின்னவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் அக்கா வீட்டுக்கு விருந்தாக வந்து மூன்று நாள்தான் ஆகிறது. அதற்குள் இந்தப் பீற்றலை நாலு தடவை கேட்டாகிவிட்டது. வீட்டில் அவளுக்குப் 'பட்டாசு' என்று பெயர். திரிகூட வேண்டாம், முறைத்தாலே போதும்.

வந்தவர் கிட்டாரோடு கிளம்பியதும் அத்தான் அடுத்த கிட்டாருக்கு உட்கார்ந்தார். விளிம்பைச் சுற்றி ஒட்டுகிற மெல்லிய மரப்பட்டைதான் இப்போது வேலை. அந்த மரம் முழு நீளத்துக்குக் கிடைப்பதில்லை. இரண்டு துண்டின் நுனியையும் சாய்வாகச் சீவி, ஒன்றின்மேல் ஒன்றைப் படுக்கவைத்துச் சேர்த்தாக வேண்டும். சீவினார், பசை தடவினார், டேப்பைச் சுற்றி இறுக்கினார்.

"டீ குடிச்சிட்டு வரேன். அரை மணி ஆகும். யாரும் அதைத் தொடாதீங்க!"

அவர் தலை மறைந்ததுதான் தாமதம், அக்கா அந்த ஸ்டூலில் உட்கார்ந்து டேப்பைப் பிரித்தாள். சேர்ந்த இடத்தில் மயிரிழை அளவுக்கு இடைவெளி. ஒரு நுனி மேலே தூக்கிக்கொண்டு நின்றது. ஈரத்துணியால் பசையைத் துடைத்துவிட்டு, இரண்டு நுனியையும் புதிதாகச் சீவ ஆரம்பித்தாள்.

"இன்னைக்கும் நீதானாக்கா? எவ்வளவு நாளா நடக்குது இந்தத் திருட்டு வேலை?"

"மெதுவாப் பேசுடி. ஒன்றரை வருஷமா. அவருக்குக் கண்ணு மங்கிப்போச்சு. கண்ணாடி மூணு தடவை மாத்தியாச்சு. இதுக்கு மேல முடியாதுன்னு டாக்டரும் கையை விரிச்சிட்டாரு. ஒட்டு கோணலா உக்கார்றது அவருக்குத் தெரியலை."

"தெரியலைன்னா சொல்லேன்!"

"சொன்னா அன்னைக்கே பட்டறையைப் பூட்டிடுவாரு. அப்புறம் சுவத்தைப் பார்த்து உக்காந்தே மனுஷன் உருகிடுவாருடி. எனக்கு அவர் இங்கே உக்காந்து சத்தம் போட்டுட்டு இருக்கணும். அது போதும்."

"நல்லா இருக்கு! பிள்ளை பெத்தது நீ, இனிஷியல் போட்டுக்கிறது அவரா? ஒரு நாளாவது உன்னை ஒரு வார்த்தை பாராட்டியிருப்பாரா? இரு, இன்னைக்கு அவரை நாலு கேள்வி கேட்கலைன்னா என் பேரை மாத்திக்கிறேன்!"

"ஐயோ, நீ வாயைத் திறந்தா எல்லாமே போச்சு! ஏய்... நில்லுடி!"

அக்காவால் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு கையாலும் புது ஒட்டை அழுத்திப் பிடித்திருந்தாள். விட்டால் நழுவிவிடும்.

சின்னவள் செருப்பை மாட்டிக்கொண்டு விடுவிடுவென்று தெருமுனைக்குப் போனாள்.

டீக்கடை மூடியிருந்தது. 'இன்று விடுமுறை' என்று ஷட்டரில் அட்டை தொங்கியது. அதன் கீழே, படியில், நல்ல வெயிலில் அத்தான் உட்கார்ந்திருந்தார். கைக்கடிகாரத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மணி பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைதான் மூடியிருக்கே அத்தான்! இங்கே என்ன பண்றீங்க?"

"யாரு, பட்டாசா? வா, உக்காரு." நகர்ந்து இடம் விட்டார். "உங்க அக்கா ஒட்டி முடிச்சிட்டாளா? இல்லை, இன்னும் பத்து நிமிஷம் ஆகுமா?"

வாய்வரைக்கும் வந்திருந்த நாலு கேள்வியும் அப்படியே நின்றுவிட்டன. சின்னவள் மெல்ல உட்கார்ந்தாள்.

"உங்களுக்குத்... தெரியுமா?"

"கண்ணுதானே போச்சு, நகம் இருக்கே! நான் ஒட்டினதும் தடவினா நகம் மாட்டுது. சாயங்காலம் டேப்பைப் பிரிச்சா வழுக்கிக்கிட்டுப் போகுது. மரம் என்ன தானாவா திருந்தும்? மனுஷனே திருந்தறதில்லை."

"அப்போ அக்காகிட்ட அதைச் சொல்லிடலாமே?"

"சொன்னா, எனக்கு முடியலைன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அவ தாங்கமாட்டா, அழுதுடுவா. நான் ஒண்ணும் தெரியாதவனாவே இருந்துட்டுப் போறேன். அவ நிம்மதியா இருப்பா, பாவம்."

சின்னவளுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் பட்டாசு ஆயிற்றே, விடுவாளா?

"எல்லாம் சரி அத்தான். அதுக்காக வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம், 'இப்படி ஒட்ட இந்த ஊர்ல வேற கை கிடையாது'ன்னு அந்தப் பீத்தல் எதுக்காம்?"

அத்தான் சிரித்தார். இந்தத் தடவை சத்தமே வரவில்லை.

"பின்னே? தெரியாதவன் மாதிரியும் இருக்கணும், அவ காதுல விழற மாதிரி அவளைப் பாராட்டவும் செய்யணும். வேற எப்படிம்மா பாராட்டறது?"